மெஹ்ராஜ் மலையேறிய நாள்

அத்தியாயம் பதினொன்று

சாவிக்கொத்தோடு வாசலுக்கு வந்த ஹபீப் ரஹ்மான், ஜீப்பின் முன்சீட்டில் மெஹ்ராஜ் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். பச்சைப் பூப்போட்ட சேலை, தலையில் முக்காடு, மடியில் ஒரு துணிப்பை, கையில் தண்ணீர் பாட்டில். வெளியூர்ப் பயணம் கிளம்பியவள் மாதிரி இருந்தாள்.

"நீ எங்க கிளம்பிட்ட?"

"தோட்டத்துக்கு."

கம்பத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள், இது நிலம் பார்க்கிற சோலி, சாயங்காலம் வரை ஆகும், உனக்குத்தான் மலை ஒத்துக்கொள்ளாதே என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். மெஹ்ராஜ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒத்துக்கும். வண்டிய எடுக்கச் சொல்லுங்க, வெயில் ஏறுது" என்றாள்.

வாசற்படியில் கைக்குழந்தையோடு நின்ற மகள் அல்ஃபியா, சிரிப்பு வெளியே தெரியாமலிருக்கக் குழந்தையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அம்மாவின் துணிப்பையில் என்ன இருக்கிறது என்பது அவளுக்குத்தான் தெரியும். மாற்றுச்சேலை ஒன்று, உள்பாவாடை ஒன்று, நாப்கின் நாலைந்து. எடுத்து வைத்ததே அவள்தான்.

விடாமல் படித்துவருகிறவர்களுக்கு இந்தத் தோட்டத்தின் கதை மனப்பாடம். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி.

போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் ஹபீப் ரஹ்மானின் மனைவி மெஹ்ராஜ். போடிமெட்டைத் தாண்டிச் சரிவில் இருக்கும் ஏலத்தோட்டம், அவளைப் பெற்ற அத்தா அவள் பெயருக்கே எழுதிக் கொடுத்தது. காய் எடுப்புக் காலம் வந்துவிட்டால் அவளைப் போடியில் பார்க்க முடியாது. எந்தச் செடி நோஞ்சான், எந்த ஓடையில் தண்ணீர் நிற்காது என்பதெல்லாம் அவளுக்கு உள்ளங்கை மாதிரி.

அப்படிப்பட்டவள் ஆறேழு வருஷமாக மலைப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கேட்டால் தலை சுற்றுகிறது என்பாள், மூட்டு வலி என்பாள். பார்க்க ஆளில்லாத தோட்டம் எதற்கு, விற்றுவிடலாம் என்று ஹபீப் ரஹ்மான் முடிவு கட்டியதும், அதற்கு மெஹ்ராஜ் ஆமென்றும் சொல்லாமல் இல்லையென்றும் சொல்லாமல் எழுந்து போனதும் போன வாரக் கதை.

உண்மையான காரணம் வேறு. அது வீட்டில் அல்ஃபியா ஒருத்திக்குத்தான் தெரியும்.

மூன்றாவது பிள்ளை ஃபயாஸ் பிறந்தபோது நாள் முழுக்கப் போராட்டம். தலை பெரிய பிள்ளை. அதற்குப் பிறகு இருமினால், தும்மினால் மெஹ்ராஜுக்குச் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கசிந்தது. வயது நாற்பதைத் தாண்டியதும் அது சொட்டோடு நிற்கவில்லை. கல்யாண வீட்டில் விழுந்து விழுந்து சிரிக்க முடியாது. குடத்தைத் தூக்க முடியாது. தொழப்போகுமுன் சேலை மாற்ற வேண்டும், கை கால் கழுவி ஒளு செய்து முடித்து நிமிரும்போதே மறுபடி நனையும். ரமலானில் தெருப் பெண்கள் கூடித் தொழுகிற வீட்டுக்குப் போவதை நிறுத்தினாள். ஜீப்பில் குலுங்கிக் குலுங்கி மலையேறுகிற பேச்சையே விட்டாள்.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த அல்ஃபியாவுக்கும், குழந்தை பிறந்த சில வாரங்களில் அதே கதை. ஏணையிலிருந்து குழந்தையைத் தூக்கியவள், நைட்டி நனைந்து நின்ற இடத்திலேயே அழுதாள். மெஹ்ராஜ் வழக்கமாக எல்லாரும் சொல்வதையே சொன்னாள். பிள்ளை பெற்றவளுக்கு அப்படித்தான் இருக்கும், போகப்போகச் சரியாகிவிடும்.

அல்ஃபியா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "உங்களுக்குச் சரியாயிருச்சாம்மா?"

மகள் மொட்டைமாடிக் கொடியில் தினமும் காய்கிற சேலைகளைப் பார்த்திருக்கிறாள், வேளைக்கு ஒரு சேலை மாறுவதைப் பார்த்திருக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் மெஹ்ராஜுக்குத் தெரிந்தது. தான் வாயை மூடிக்கொண்டிருந்தால் மகளும் இதே வழியில் நடந்து, இதே மாதிரி ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் அடங்குவாள் என்பதும் தெரிந்தது. மறுநாளே இரண்டு பேரும் தேனிக்குப் பஸ் ஏறினார்கள்.

பெண் மருத்துவர் இருவரையும் சோதித்துவிட்டு, உடற்பயிற்சி சொல்லித்தரும் வித்யாவிடம் அனுப்பினார். வித்யாவுக்கு இந்த விஷயத்தில் கூச்சமே கிடையாது. இடுப்புக்கூட்டின் அடியில், முன்னெலும்பிலிருந்து வாலெலும்பு வரை ஏணை கட்டினாற்போல ஒரு தசை இருக்கிறது என்றாள். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் அதுதான் தாங்குகிறது. மாதக்கணக்கில் பிள்ளையைச் சுமந்து, அதன் வழியாகவே பிள்ளையை வெளியேயும் விட்ட தசை தொய்ந்து போவதில் என்ன அதிசயம்.

"கால் ஒடிஞ்சா கட்டுப் போட்டு நடை பழக்குறோம். இந்தத் தசைக்கு மட்டும், பிள்ளை பெத்தா அப்படித்தான்னு சொல்லி விட்டுர்றோம்" என்றாள் அவள். மெஹ்ராஜுக்குச் சுருக்கென்றது.

சிறுநீரையும் வாயுவையும் ஒருசேர அடக்குவதுபோல உள்ளுக்குள் இறுக்கி மேலே தூக்க வேண்டும். மூச்சைப் பிடிக்கக் கூடாது. பிறகு முழுசாகத் தளரவிட வேண்டும், அதுவும் பயிற்சிதான். மெஹ்ராஜ் முதலில் தப்பாகவே செய்தாள். மேலே தூக்குவதற்குப் பதிலாகக் கீழே முக்கினாள். அது இருப்பதையும் கெடுத்துவிடும் என்று வித்யா பொறுமையாகத் திருத்தினாள். நனையுமே என்று பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள், மலச்சிக்கல் வரவிடாதீர்கள், தும்மல் வருகிறதென்றாலும் பாரம் தூக்கினாலும் அதற்கு முந்தி ஒரு இறுக்கு இறுக்கிக்கொள்ளுங்கள் என்றாள். கர்ப்பமாக இருக்கும்போதே பழகினால் இன்னும் நல்லது என்று அவள் சொன்னபோது, அதை யாராவது எனக்கு அப்போது சொல்லியிருக்கலாமே என்று தாயும் மகளும் ஒரே நேரத்தில் நினைத்தார்கள்.

அப்புறம் வீட்டில் ஆரம்பமானது பயிற்சி. பால் கொடுக்கும்போது மகள், பூண்டு உரிக்கும்போது தாய். ஒருநாள் இரண்டு பேரும் பேச்சுமூச்சில்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த ஹபீப் ரஹ்மான், என்ன, மனசுக்குள்ள திக்ரு ஓதுறீங்களா என்று கேட்டுவிட்டுப் போனார்.

அல்ஃபியாவுக்கு வெரசாகவே பிடிபட்டது. மெஹ்ராஜுக்கு இழுத்தது. மாதம் இரண்டு போயும் பெரிய மாற்றம் தெரியாமல், போதும்டி என்று அவள் கைவிடப் பார்த்தாள். மகள் விடவில்லை. பிறகு ஒருநாள் மிளகாய் தாளித்த நெடியில் அடுப்படியே அதிரத் தும்மிய மெஹ்ராஜ், கரண்டியும் கையுமாக அசையாமல் நின்றாள். சேலை நனையவில்லை. தனியாக நின்று சிரித்தாள். அப்படிச் சிரித்தும் நனையவில்லை.

இவ்வளவும் நடந்து முடிந்த பிறகுதான் இன்றைக்கு ஜீப்பில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

அடிவாரத்து முந்தல் ஊரைத் தாண்டியதும் ரோடு மலையைச் சுற்ற ஆரம்பித்தது. டிரைவர் தங்கபாண்டி ஊர்க்கதை பேசிக்கொண்டே ஓட்டுகிறவன். பின்சீட்டில் ஹபீப் ரஹ்மான் போனில் கம்பத்துக்காரருக்கு வழி சொல்லிக்கொண்டு வந்தார். மெஹ்ராஜ் வெளியே பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவுக்கும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் தன்னை இறுக்கிக்கொண்டாள். வண்டி தூக்கிப் போட்டது. ஒன்றுமில்லை. மறுபடி தூக்கிப் போட்டது. அப்போதும் ஒன்றுமில்லை. கீழே போடி ஊர் சின்னதாகிக்கொண்டே போக, அவள் முகத்தில் ஒரு திமிர் ஏறிக்கொண்டே வந்தது.

தங்கபாண்டி தன் மச்சினன் பெண் பார்க்கப் போய், தெரு மாறி வேறு வீட்டில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுவிட்டு வந்த கதையைச் சொன்னான். மெஹ்ராஜ் தன்னை மறந்து சிரித்தாள். அந்த நேரம் பார்த்து வளைவில் எதிரே பஸ் வந்தது. அவன் பிரேக்கை மிதித்தான்.

அவள் தயாராக இருக்கவில்லை. கசிந்துவிட்டது.

கொஞ்சந்தான். ஆனாலும் பழைய பயம் முழுசாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. வண்டியைத் திருப்பு என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. தலை சுற்றுகிறது என்று சொன்னால் போதும், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். இத்தனை காலமும் யாரும் கேட்டதில்லையே.

மெஹ்ராஜ் மடியிலிருந்த துணிப்பையைத் தடவிப் பார்த்தாள். நாப்கின் இருக்கிறது, மாற்றுச்சேலை இருக்கிறது, மெட்டு வர இன்னும் சில வளைவுகள்தான் இருக்கின்றன. அடுத்த வளைவுக்குத் தன்னை இறுக்கிக்கொண்டாள்.

போடிமெட்டில் வண்டி நின்றதும் துணிப்பையோடு இறங்கிக் கழிப்பறைக்குப் போய்வந்தாள். வெளியே வந்தபோது ஹபீப் ரஹ்மான் கவலையோடு நின்றிருந்தார். முடியலைன்னா நீ இங்கயே இரு, சாயங்காலம் கூட்டிட்டுப் போறேன் என்றார். அவள், எனக்கு ஒரு டீ சொல்லுங்க என்றாள். அவர் விநோதமாகப் பார்த்தார். பயணத்தில் ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்காதவளாயிற்றே இவள்.

டீ வருவதற்குள் அல்ஃபியாவின் போன் வந்தது.

"மேல ஏறிட்டீங்களாம்மா?"

"ஏறிட்டேன். ஒரு வளைவுல தோத்துட்டேன்."

"மத்த வளைவெல்லாம்?"

"அதெல்லாம் செயிச்சாச்சு."

"பெறகென்ன, போங்க" என்றாள் மகள். பின்னாலிருந்து குழந்தை ங்கா கொட்டுவது கேட்டது. மெஹ்ராஜ் போனைக் காதில் வைத்தபடியே டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

தோட்டத்தில் மூன்றாவது காய் எடுப்பு நடந்துகொண்டிருந்தது. பெரிய மரங்களின் நிழலில், ஏலச்செடிகளின் அடியில் குந்தியிருந்த பெண்கள் சரஞ்சரமாய்ப் படர்ந்த காயைப் பறித்துக் கூடையில் போட்டார்கள். மெஹ்ராஜைப் பார்த்ததும் ஆளுக்கு ஆள் எழுந்து வந்தார்கள். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். இளைச்சிட்டீங்க என்றாள் ஒருத்தி, சதை போட்டுட்டீங்க என்றாள் இன்னொருத்தி.

ஹபீப் ரஹ்மான் கம்பத்துக்காரரைக் கூட்டிக்கொண்டு எல்லையைக் காட்டப் போனார். மெஹ்ராஜ் தன் போக்கில் சரிவில் இறங்கினாள். பல வருஷமாகக் கனவில் மட்டும் நடந்த பாதை. ஓடைக்கரைச் செடிகள் அழுகிக் கிடந்தன. மேற்புறத்தில் நிழல்மரங்களின் கிளை கழிக்காமல் இருள் அடைந்து போயிருந்தது. பார்க்கப் பார்க்க அவளுக்குக் கோபம் வந்தது. யார்மீது என்று தெரியாத கோபம்.

பாதைத் திருப்பத்தில் அன்னக்கொடியைக் கண்டாள். கீழே சிலமலை ஊரிலிருந்து தினமும் கூலி ஜீப்பில் வருகிறவள். புதுப்பெண்ணாக இந்தத் தோட்டத்துக்கு வந்த காலத்திலிருந்து மெஹ்ராஜுக்குப் பழக்கம். அவள் புருஷன் பெரியகருப்பனும் இங்கேதான் மரக்கிளை கழிக்கிறார்.

அன்னக்கொடி பச்சைக்காய் மூட்டையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு ஸ்டோருக்குப் போக நின்றிருந்தாள். காய் உலர்த்துகிற அந்தக் கட்டடம் மேட்டில் இருந்தது. மூட்டையைத் தூக்குமுன் அவள் காலை அகட்டி வைத்து, ஒரு கையால் அடிவயிற்றைத் தாங்கிக்கொண்டு, கண்ணை மூடினாள்.

வேறு யாராவது பார்த்திருந்தால் களைப்பு என்று நினைத்திருப்பார்கள். மெஹ்ராஜுக்கு அது என்னவென்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது.

"கீழ வை, அன்னக்கொடி."

அன்னக்கொடி சிரித்து மழுப்பினாள். வயசாகுதுல்லக்கா என்றாள். மெஹ்ராஜ் மூட்டையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டு, அவளை மரத்தடியில் உட்காரவைத்தாள். தன் கதையை முதலில் சொன்னாள். ஃபயாஸ் பிறந்ததிலிருந்து இன்று காலை வளைவில் தோற்றது வரைக்கும், எதையும் மறைக்கவில்லை.

அன்னக்கொடி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நாங்கதான் மூடை சொமக்குறோம். நீங்க என்னத்தக்கா சொமந்தீங்க?"

"மூணு பிள்ளையச் சொமந்தேன்ல."

அதற்குப் பிறகு அன்னக்கொடியும் பேசினாள். மண்ணைப் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் யாரும் வருகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு பேசினாள். கடைசிப் பிள்ளை பிறந்து உடம்பு தேறுமுன்னே தலைக்குச் சும்மாடு கட்டி மூட்டை சுமந்தவள் அவள். இப்போது கீழே ஏதோ இறங்கி நிற்கிறது. துணியை மடித்துக் கட்டிக்கொண்டு வருகிறாள்.

"ராத்திரி படுத்தா உள்ள போயிருதுக்கா. காலையில ஜீப்புல குலுங்கி வர்றதுக்குள்ள திரும்ப எறங்கிருது. என்னமோ சாபம்னு நெனைச்சுக்கிட்டு இருக்கேன்."

சாபமில்லை, கர்ப்பப்பை இறங்குகிறது என்றாள் மெஹ்ராஜ். தாங்குகிற தசை தளர்ந்து போனால் வருவது. எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்பதை டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். சிலருக்குப் பயிற்சி போதும், சிலருக்கு உள்ளே வளையம் வைத்துத் தாங்கவைப்பார்கள், சிலருக்கு ஆபரேஷன் வேண்டியிருக்கும். வைத்தியம் இருக்கிறது என்பது மட்டும் நிச்சயம். நான் கூட வர்றேன், நாளைக்கே போவோம் என்றாள்.

வைத்தியம் இருக்கிறது என்று கேட்டதும் அன்னக்கொடியின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. ஆனால் தலையை ஆட்டினாள். எதற்கு ஆஸ்பத்திரி என்று பெரியகருப்பன் கேட்பார், அவரிடம் இதைச் சொல்லத் தன்னால் ஆகாது, இத்தனை வருஷம் மறைத்தது ஏன் என்று கேட்டால் அதற்கும் பதில் இல்லை என்றாள்.

மெஹ்ராஜ் மட்டும் தன் புருஷனிடம் சொல்லியிருந்தாளா?

மூட்டையை வேறு இரண்டு ஆட்கள் தூக்கி வர, இரண்டு பெண்களும் மேட்டில் ஏறினார்கள். ஸ்டோர் வாசலில் ஹபீப் ரஹ்மானும் கம்பத்துக்காரரும் நின்றிருந்தார்கள். அன்னக்கொடி உள்ளே காய் பரப்பப் போனாள்.

கம்பத்துக்காரர் மரியாதையாகவே பேசினார். மண் நல்ல மண், தண்ணீர் இருக்கிறது, பார்வைதான் இல்லை என்றார். வீட்டம்மாவுக்கு மலையேற முடியாதுன்னு பாய் சொன்னாரு, அப்புறம் வச்சிருந்து என்ன பண்ணப்போறீங்க என்றார்.

மெஹ்ராஜ் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"முடியாமத்தான் இருந்துச்சு. இப்ப ஏறி வந்துட்டேன். தோட்டத்தக் குடுக்குறதா இல்லைங்க. நீங்க இவ்வளவு தூரம் வந்ததுக்கு மன்னிக்கணும். சாப்பிட்டுத்தான் போகணும்."

கம்பத்துக்காரர் ஹபீப் ரஹ்மானைப் பார்த்தார். ஹபீப் ரஹ்மான் தரையைப் பார்த்தார். நிலம் அவள் பெயரில் இருக்கிறது. அவளுடைய கையெழுத்தில்லாமல் ஒரு செடியைக்கூட அசைக்க முடியாது. கம்பத்துக்காரர் இரண்டு வார்த்தை முனகிவிட்டு, சாப்பாட்டுக்கு நிற்காமலே வண்டியேறிப் போனார்.

ஜீப்புச் சத்தம் மறைந்ததும் ஹபீப் ரஹ்மான் திரும்பினார். அவர் குரலை உயர்த்தவில்லை, அதனாலேயே அது கூடுதலாக உறைத்தது. வேண்டாமென்றால் வீட்டிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், ஊரானுக்கு முன்னால் தன்னை நிறுத்திவைத்துச் சொல்ல வேண்டியதில்லை என்றார். இத்தனை வருஷமாக எட்டிப்பார்க்காத தோட்டத்தின் மேல் இன்றைக்கு மட்டும் என்ன பாசம் என்று கேட்டார்.

"எட்டிப்பார்க்க முடியலைங்க. மூத்திரத்த அடக்க முடியாம இருந்துச்சு."

ஹபீப் ரஹ்மானுக்குப் புரியவில்லை. அவள் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். தும்மினால், சிரித்தால், வண்டி குலுங்கினால். ஃபயாஸ் பிறந்ததிலிருந்து. ரமலான் இரவுகளில் தராவீஹ் தொழப் போகாதது அதனால்தான். கல்யாண வீட்டில் பாதியில் எழுந்து வந்ததும், எல்லார் முன்னாலும் அவர் கடிந்துகொண்டதும் அதனால்தான். இவ்வளவு சுலபமாகச் சொல்ல முடிந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. காய்ந்த காயின் மணம் ஸ்டோரிலிருந்து வந்துகொண்டே இருந்தது.

அவர் மெதுவாகக் கேட்டார்: "உம்ராவுக்கு வரலைன்னு சொன்னியே."

"அதுவும் அதனாலதான்."

ஹபீப் ரஹ்மான் வாசலில் கிடந்த சாக்கின்மேல் உட்கார்ந்தார். அவருடைய கூட்டாளிகள் எல்லாரும் மனைவியோடு மக்காவுக்கு வந்த பயணம் அது. அவர் மட்டும் தங்கையோடு போனார். மூட்டுவலி என்று இவள் சொன்ன காரணத்தை அவர் அன்றும் நம்பவில்லை. என்மேல் ஏதோ மனக்குறை, என்னோடு அந்தப் புனித மண்ணை மிதிக்கக்கூட இவளுக்கு மனசில்லை என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தார். அதைத் தட்டுத்தடுமாறி இப்போதுதான் சொன்னார்.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மெஹ்ராஜ்."

"அந்த வார்த்தை எனக்கு இன்னைக்குத்தான் கெடைச்சுச்சு."

இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார். வித்யாவைப் பற்றியும், அல்ஃபியா தன்னை இழுத்துக்கொண்டு போனதைப் பற்றியும் அவள் சொன்னாள். மகளுக்கு இந்த வயதிலேயே சரியாகிவிட்டது என்றாள். முழுசாக இல்லாவிட்டாலும் எனக்கும் முக்கால்வாசி ஆகிவிட்டது என்றாள். அதைச் சொல்லும்போது அவள் நின்ற நிலையைப் பார்த்து ஹபீப் ரஹ்மான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கல்யாணமான புதிதில், தோட்டத்துச் சரிவில் தனக்கு முன்னால் விடுவிடுவென்று ஏறிப் போய் மேலே நின்று திரும்பிப் பார்த்த பெண் இவள்தான் என்று அவருக்குத் தோன்றியது.

"அடுத்த வருசம் போவமா, உம்ராவுக்கு?"

"போவோம்" என்றாள்.

ஸ்டோருக்குள்ளிருந்து அன்னக்கொடி வெளியே வந்தாள். பலகைச் சுவர். உள்ளே எல்லாமே கேட்டிருக்கும். மெஹ்ராஜுக்கு ஒரு கணம் சங்கடமாகப் போயிற்று. அன்னக்கொடி அவளைப் பார்க்கவில்லை. நேராக ஹபீப் ரஹ்மானுக்கு முன்னால் வந்து நின்றாள். முந்தானையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"பாய், எங்க வீட்டுக்காரருகிட்ட நீங்க சொல்றீங்களா?"

ஹபீப் ரஹ்மான் எழுந்து நின்றார். என்ன சொல்ல வேண்டும் என்று மனைவியைப் பார்த்தார். எனக்கு இருந்ததைவிடக் கூடுதலாக இவளுக்கு இருக்கிறது, நாளைக்குத் தேனிக்குக் கூட்டிப்போகிறேன், அதுவரைக்கும் இவள் மூட்டை தொடக் கூடாது என்று மெஹ்ராஜ் சுருக்கமாகச் சொன்னாள்.

இந்த மாதிரி விஷயத்தை ஓர் ஆண் இன்னோர் ஆணிடம் எப்படி ஆரம்பிப்பது என்று ஹபீப் ரஹ்மானுக்குத் தெரியவில்லை. அவர் வாழ்நாளில் அப்படி ஒரு பேச்சு யாரோடும் நடந்ததில்லை.

"நான் போறேன்" என்றார் கடைசியில். "எனக்கு யாராச்சும் அப்பவே வந்து சொல்லியிருந்தா, நான் அப்படியெல்லாம் ஏசியிருப்பனா. அவரு அந்தத் தப்பப் பண்ண வேணாம்."

செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு அவர் சரிவில் இறங்கினார். வழுக்குகிற இடத்தில் செடியைப் பிடித்துக்கொண்டு, வயதுக்கு மீறிய அவசரத்தோடு போனார். மெஹ்ராஜ் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மனிதரைக் கட்டிக்கொண்டதற்காகப் பெருமைப்பட்ட நாட்கள் அவள் வாழ்க்கையில் உண்டு. வியாபாரத்தில் வாக்கு மாறாதவர் என்று ஊர் சொன்னபோது, மகளைப் படிக்கவைக்க அவர் தன் அண்ணனோடு மல்லுக்கு நின்றபோது. அதெல்லாம் இதற்குப் பக்கத்தில் வராது என்று நினைத்தாள்.

கீழே, கழித்துப்போட்ட கிளைகளுக்கு நடுவில் பெரியகருப்பன் அரிவாளோடு நின்றிருந்தார். ஹபீப் ரஹ்மான் அவர் தோளில் கைவைத்து ஓரமாக அழைத்துப்போனது தெரிந்தது. பேச்சு மேலே கேட்கவில்லை. பேசிக்கொண்டிருந்தவர் ஹபீப் ரஹ்மான்தான். பெரியகருப்பன் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

மஞ்சு இறங்கி ஒரு நிமிஷம் இருவரையும் மறைத்தது. விலகியபோது பெரியகருப்பன் அரிவாளைக் கிளையில் கொத்தி நிறுத்திவிட்டு, ஸ்டோரைப் பார்த்து வேகமாக ஏறி வந்துகொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்தது கோபமா வேறெதுவுமா என்று அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை. ஹபீப் ரஹ்மான் பின்னால் மூச்சிரைக்க வந்தார்.

அன்னக்கொடி மெஹ்ராஜின் கையை இறுகப் பிடித்தாள்.

"வர்றாருக்கா."

"வரட்டும்" என்றாள் மெஹ்ராஜ். கையை விடாமல், அன்னக்கொடிக்கு ஓர் அடி முன்னால் போய் நின்றுகொண்டாள்.